ஒரு கதைக்கு ஒரு உம்

1

போன ஞாயிற்றுக்கிழமை கொழும்புக் காலிமுகத்திடலில் கச்சான் வாங்கினேன். இங்கே நிலக்கடலைக்கு அதுதான் பெயர். வந்த புதிதில் நான் கடலை என்று கேட்க, கடைக்காரர் கொண்டைக்கடலையைத் தர, வேண்டாமென்று சொல்ல வெட்கப்பட்டுப் பல நாள் கொண்டைக்கடலையே தின்றிருக்கிறேன். கச்சானைத் தின்று முடித்து, அடியில் உப்பு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று காகிதச் சுருளை விரித்தேன். அதில் என் மனைவியின் கதை இருந்தது.

அவள் எழுதிய கதை அல்ல. அவளுக்கு எழுதத் தெரியாது. அவள் சொன்ன கதை. வெள்ளவத்தையிலுள்ள பெரியவர் ஒருவர் அதை எழுதி அச்சடித்தார். அந்த அச்சு ஒரு பெண்ணின் கல்யாணத்தை முறிக்கப் பார்த்தது. வாயால் சொன்னது காற்றோடு போகும், அச்சில் ஏறியது அழியாது என்று அந்தப் பெரியவர் எங்களுக்கு விளக்கியிருந்தார். அழியாதது இப்போது என் கையில் உப்புப் பூத்து இருந்தது.

இந்தப் பத்திரிகையில் வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுதுவதை ஊரில் நீங்கள் படித்திருப்பீர்கள். பினாங்கில் இருப்பவர் ரப்பர் மரங்களைப் பற்றி எழுதினார். ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர் நடந்ததைப் பற்றி எழுதினார். எனக்கு அப்படி ஒன்றும் நேரவில்லை. நான் கொழும்பில் ஒரு தையற்காரன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. அப்படிப்பட்டவர்களுக்கென்றே எழுத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். இதைப் படிக்கும்போது உங்கள் முகம் எனக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

2

கொட்டாஞ்சேனையில் நாங்கள் குடியிருப்பது ஒரு தோட்டத்தில். அதைக் கேட்டுவிட்டு என் மைத்துனன் ஊரிலிருந்து, மாங்காய் காய்த்ததா என்று எழுதுகிறான். இங்கே தோட்டம் என்றால் எதிரெதிராக இரண்டு வரிசை வீடு, நடுவில் ஒரு முற்றம், முற்றத்துக் கோடியில் எல்லாருக்கும் சேர்த்து ஒரு தண்ணீர்க் குழாய். மரம் கிடையாது. இலை பார்க்க ஆசைப்பட்டால் வெற்றிலைக் கடைக்குப் போகவேண்டும். சண்டை மட்டும் வருஷம் முழுவதும் காய்க்கும்; எல்லாம் குழாயடியில்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இங்குள்ளவர்கள் பேசுவதைக் கதைப்பது என்பார்கள். நான் வந்திறங்கிய வாரம் கடை முதலாளி, "உம்மோட கொஞ்சம் கதைக்கவேணும், பின்னேரம் வாரும்," என்றார். நான் கதை கேட்கத் தயாராகப் போய் உட்கார்ந்து, அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் உம் கொட்டினேன். நான் தைத்த சட்டைகளில் கை நீளமாக இருக்கிறது என்பதைத்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிவரை நான் உம் கொட்டியதால், குற்றத்தை ஒப்புக்கொள்கிற பணிவான ஆள் என்று முடிவு செய்து வேலையில் நிரந்தரமாக வைத்துக்கொண்டார். என் பிழைப்பு அந்த உம்மில் தொடங்கியது.

உம் கொட்டுவது எங்கள் பக்கத்தில் ஒரு வேலை. கதை சொல்கிறவருக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு பேச்சுக்கும் "ம்" என்று சொல்லவேண்டும். களத்தில் நெல்லுக்குக் காவல் இருந்தவர்கள் தூங்காமலிருக்கக் கதை சொன்னார்கள். கேட்கிறவன் விழித்திருக்கிறான் என்பதற்கு உம்தான் அத்தாட்சி. உம் நின்றால் கதையும் நிற்கும். ஒரு கதைக்கு ஒரு உம்தான். இரண்டு பேர் கொட்டினால் கதை யாருக்குச் சொல்லப்படுகிறது என்று தெரியாமல் போய்விடும். உம் கொட்டிக் கேட்டவன் பிற்பாடு அந்தக் கதையைப் பொய் என்று சொல்லக்கூடாது. அவனும் அதற்குக் கூட்டாளி.

என் தாய்மாமன் களத்துக்கு என்னைத்தான் கூட்டிப்போவார். பாசத்தினால் அல்ல, நான் குறுக்கே பேசமாட்டேன். அவர் கதைகள் ஒன்றும் பிரமாதம் இல்லை. எல்லாக் கதையிலும் ராஜா கடைசியில் அவர் ஜாடைக்கு வந்துவிடுவான். ஒரு வருஷம் நெல் திருட்டுப் போயிற்று. திருடர்கள் வைக்கோற்போருக்குப் பின்னால் உட்கார்ந்து, கதை முடியட்டும் என்று காத்திருந்து, மாமா அசந்த பிறகு மூட்டையைத் தூக்கினார்கள் என்று பின்னால் தெரிந்தது. அவர்களும் நல்ல குடும்பத்தில் வளர்ந்தவர்கள்தான்.

தையற்காரனுக்கு உம் இன்னும் வசதி. அளவு பார்க்கும்போது வாயில் எப்போதும் குண்டூசி இருக்கும். குண்டூசியோடு சொல்லக்கூடிய ஒரே சொல் அதுதான்.

என் மனைவி பேச்சியம்மாள் கதை சொல்கிறவள் என்று பெண் பார்க்கப் போன அன்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளை பேசமாட்டான் என்று அவர்களிடமும் யாரும் சொல்லவில்லை. இரண்டு வீட்டாரும் மறைத்ததில் பொருத்தம் அமைந்துவிட்டது.

3

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டதும் தோட்டத்தில் பாதிப் பேர் இந்தியாவுக்கு ஓடினார்கள். போனால் திரும்பிவர அனுமதி கிடைக்காது என்றார்கள். இருந்தால் உயிர் கிடைக்குமா தெரியாது என்றார்கள். முன்னது நிச்சயமாகவும் பின்னது சந்தேகமாகவும் இருந்ததால் நாங்கள் இருந்துவிட்டோம்.

அப்போது இருட்டடிப்பு. பொழுது சாய்ந்தால் ஒரு பொட்டு வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் தொப்பி போட்ட வார்டன் தெருவிலிருந்து சத்தம் போடுவார். படித்தவர்கள் படிக்க முடியாமல் தவித்தார்கள். கதை சொல்வதற்கு விளக்குத் தேவையில்லை. வெள்ளைக்காரன் சட்டம் போட்டு வளர்த்த ஒரே கலை இதுவாகத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் குழாயில் தண்ணீர் நின்றதும் பெண்கள் முற்றத்தில் கூடுவார்கள். பேச்சி தொடங்குவாள். நான் எதிரே.

அவள் கதைகள் எல்லாம் பழையவை. ஆனால் ஒன்றையும் இரண்டாம் முறை அதேபோல் சொல்லமாட்டாள். அந்த வாரம் தோட்டத்தில் என்ன நடந்ததோ அது கதைக்குள் வந்துவிடும். யாரிடமாவது கோபம் என்றால் அவரைப் பேயாக்கிவிடுவாள். அடுத்த வாரம் கோபம் தணிந்தால் அதே பேய்க்குச் சாபம் நீங்கிவிடும். சம்பந்தப்பட்டவர்கள் பேயாக இருந்த வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள், மறுவாரம் பலகாரம் கொடுத்து அனுப்புவார்கள். பஞ்சாயத்து இல்லாமலே தோட்டம் நடந்தது.

எங்கள் மகள் முத்துவுக்கு இது பிடிக்காது. அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தாள். ஆமா என்பதற்கு ஓம் என்பாள், காசைச் சல்லி என்பாள், புத்தகத்தை உதடு அசையாமல் படிப்பாள். உதடு அசையாமல் படிக்கிற பிள்ளை என்ன படிக்கிறது என்று பெற்றவளுக்கு எப்படித் தெரியும் என்று பேச்சிக்குக் கவலை.

"அம்மா, போன கிழமை அந்த ராசாவுக்கு ரெண்டு பெஞ்சாதி. இண்டைக்கு ஒண்டு. பிழைதானே?" என்பாள் முத்து.

"போன வாரம் ரெண்டாவது பெஞ்சாதி செத்துப்போனா ஏட்டி," என்பாள் பேச்சி.

"டீச்சர் இப்படிச் சொன்னாப் பிழை போடுவா."

"உங்க டீச்சருக்கு ஒத்தை ராசாதான் தெரியும் போல."

முத்துவின் பக்கம்தான் சர்க்கார் இருக்கிறது. அரிசிக் கூப்பன் ஆபீசில் ஒரு சிங்களக் கிளாக்கர் என்னைப் பார்த்து, "கவதத ஆவே?" என்றார், எப்போது வந்தாய் என்று அர்த்தம். பெருவெள்ளம் வந்ததற்கு மறு வருஷம் என்றேன். எழுதிக்கொண்டார். ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டார். ஒரு பெரிய மனிதருக்குப் பழைய பதிலையே திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை என்று நினைத்து, கப்பலில் எனக்கு வாந்தி வந்ததையும், மண்டபம் முகாமில் அம்மை குத்தியபோது பக்கத்து ஆள் மயங்கி விழுந்ததையும் சேர்த்துச் சொன்னேன். அவர் பழைய தாளைப் புரட்டினார். "போன முறை வாந்தி இல்லையே," என்றார். கூப்பன் வர மூன்று மாதம் ஆயிற்று. ஆபீசில் ஒரு கதையை மாற்றிச் சொன்னால் பொய்யன். எங்கள் முற்றத்தில் மாற்றாமல் சொன்னால் சோம்பேறி. இரண்டு இடத்துக்கும் நடுவில் டிராமில் போய்வருகிறவன் என்ன செய்வான்.

4

வெள்ளவத்தைப் பெரியவரைத் தோட்டத்தில் எல்லாரும் பென்ஷன் ஐயா என்பார்கள். யாழ்ப்பாணத்தவர், கச்சேரி என்கிற சர்க்கார் ஆபீசில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். ஒரு கோட்டுக்கு அளவெடுக்கப் போனபோது, பாமர மக்களின் கதைகளைத் திரட்டி நூலாக்கப் போவதாகவும், கதை தெரிந்த யாரையாவது எனக்குத் தெரியுமா என்றும் கேட்டார். வாயில் குண்டூசி இருந்தது. "ம்" என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமையே வந்துவிட்டார். கையில் நோட்டு, நீலக் காகிதம் சுற்றிய டார்ச். பெண்கள் கூப்பன் கணக்கெடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்துப் பிள்ளைகளின் தொகையை ஒன்றிரண்டு கூட்டிச் சொன்னார்கள். வார்டன் இரண்டு முறை வந்து டார்ச்சைத் திட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பேச்சிக்குப் பிலோமினாக்காமேல் கோபம். பிலோமினாக்கா எங்களுக்கு மூன்றாம் வீடு. புருஷன் இல்லை. விடியுமுன் இடியப்பம் அவித்துத் தேநீர்க் கடைகளுக்குக் கொடுத்துத்தான் ஒரே மகள் ரோசலினை வளர்த்தாள். அதனால் குழாயில் எப்போதும் முதல் குடம் அவளுடையது. அந்த வாரம் பேச்சியின் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டாள். அவள் வீட்டில் ஒரு சேவலும் இருந்தது. இவ்வளவு போதும்.

"ஒரு ஊர்ல ஒரு கிணறு," என்று தொடங்கினாள் பேச்சி.

"ம்."

"கிணத்துக்குள்ள ஒரு பூதம். விடியமுன்ன யாரு முதக் குடம் இறைக்காகளோ, அந்தக் குடம் தேனா இருக்கும். பெறகு இறைக்கிறதெல்லாம் உப்பு."

"ம்."

"ஊருக்கே ஒத்தைச் சேவல். அது கூவினாத்தான் சனம் எந்திரிக்கும். சேவல் ஒருத்தி வீட்டுச் சேவல்."

முற்றத்தில் சிரிப்பு தொடங்கிவிட்டது. பிலோமினாக்கா தன் வாசலில் அசையாமல் நின்றாள்.

"அவ என்ன செஞ்சா? படுக்கப் போகையில சேவல் வாயை நூலால கட்டிப்போட்டா. நூலு எங்க வாங்கினாள்னு கேக்காதீக, எங்க வீட்டுத் தையல்காரர் குடுக்கல."

"ம்," என்றேன். சிரிப்பில் அது எனக்கே கேட்கவில்லை. கூவாத கூவலெல்லாம் நெஞ்சில் கட்டிச் சேவல் செத்தது. ஊர் தானாக விழித்துத் திருடியைப் பிடித்தது. கதை முடிந்தது. பென்ஷன் ஐயா பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், எல்லாரும் ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று விசாரித்து, அதையும் எழுதிக்கொண்டார்.

5

மறு வெள்ளி அவர் வரவில்லை. முற்றத்துப் பனியில் உட்கார்ந்ததில் ஜலதோஷம், இங்கே தடிமன் என்பார்கள், பிடித்துக்கொண்டது. இந்தக் கதைக்கு நேர்ந்த கேடு அந்தத் தடிமன்தான்.

இடையில் பேச்சிக்கு ஒன்று நினைவு வந்திருந்தது. சில வருஷம் முன் முத்துவுக்குக் காய்ச்சல் கண்டு, சின்னச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப்போட்டது. அப்போது பிலோமினாக்கா தன் சேவலைக் கூடைக்குள் போட்டுச் சாக்கால் மூடிவைத்தாள். காலையில் முதல் குடத்தை எங்கள் வாசலில் வைத்துவிட்டுத்தான் தன் வேலைக்குப் போவாள். யாரும் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை.

ஆகவே மறு வெள்ளி அதே கிணறு, அதே பூதம், அதே நூல். ஆனால் பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை காய்ச்சலில் கிடக்கிறது. அது தூங்கவேண்டும் என்றுதான் சேவல் வாயைக் கட்டுகிறாள். தேன் குடம் அந்தப் பிள்ளைக்குப் போகிறது. அவள் குடிப்பது உப்பு. பிள்ளை எழுந்து உட்கார்ந்த அன்று சேவலை அவிழ்த்துவிடுகிறாள். அது அத்தனை நாள் கூவலையும் ஒரே நாளில் கூவிச் சாகிறது. பிலோமினாக்கா உள்ளே போனாள். விடிந்ததும் எங்கள் வீட்டுக்கு இடியப்பமும் சொதியும் வந்தன. திருடி கதை செத்துப்போயிற்று. அப்படித்தான் நாங்கள் நினைத்தோம்.

6

யுத்தம் முடிகிற சமயத்தில் புத்தகம் வந்தது. காகிதத் தட்டுப்பாட்டில் கிடைத்த காகிதம். ஒரு பக்கத்தைப் படித்தால் மறு பக்கமும் தெரிந்தது. ஐயா ஒரு பிரதியைத் தானே கொண்டுவந்து தந்தார். முத்து உரக்கப் படித்தாள்.

"முன்னொரு காலத்தில் ஓர் ஊரில் நீர்நிலை ஒன்றிருந்தது. அதன்கண் பூதமொன்று உறைந்தது."

"இது எந்த ஊருக் கதை?" என்றாள் பேச்சி.

"உங்கட கதைதான் அம்மா. சேவல் கதை."

பேச்சி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இதுல இவுக உம் எங்க?" என்றாள். அது இல்லை. நான் என் வாழ்நாளில் சபையில் பேசிய பேச்சு முழுவதையும் ஐயா எடுத்துவிட்டிருந்தார். கடைசியில் நாங்கள் சொல்லாத ஒரு நீதி இருந்தது: பிறர் நீரைக் கவர்தல் தீது. அதற்கும் கீழே பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு: "இத்தகைய குணமுடையவளும் இடியப்பம் விற்பவளுமாகிய கைம்பெண் ஒருத்தி கொட்டாஞ்சேனையில் இக்கதை வழங்கும் தோட்டத்தில் இன்றும் வாழ்வதாகக் கேட்டோர் கூறி நகைத்தனர்."

புத்தகம் விற்றிருந்தால் கவலையில்லை. காசு கொடுத்து வாங்கியவர்கள் யார் படிக்கிறார்கள். விற்காததால் ஐயா வாசிகசாலைகளுக்கெல்லாம் இனாமாகக் கொடுத்தார். ஒன்று பக்கத்துப் பேட்டையான முகத்துவாரத்துக்குப் போயிற்று. முகத்துவாரத்தில் சவரிமுத்துக் கங்காணி என்பவர் துறைமுகத்தில் ஆள்களை மேய்ப்பவர். வயது வந்த பிறகு எழுத்துக் கற்றவர். அப்படிக் கற்றவர்கள் அச்சடித்த எதையும் விடமாட்டார்கள். தீப்பெட்டியில் உள்ளதையும் விரல் வைத்துப் படித்துவிடுவார். அவருடைய மகனுக்குத்தான் ரோசலினைப் பேசி முடித்திருந்தது. கோயிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்க மூன்று வாரம் இருந்தது. சம்பந்தம் வேண்டாமென்று ஆள் வந்து சொன்னான். காரணம் கேட்டதற்கு, "எழுத்தில இருக்கு," என்றான்.

பிலோமினாக்கா எங்கள் வாசலுக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"பேச்சி, நீ அண்டைக்கே மாத்திச் சொல்லிட்டாய். எனக்குத் தெரியும்," என்றாள். "ஆனா அச்சில வந்திட்டுதாமே. அழிக்க ஏலாதாம்."

நான் கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறி வெள்ளவத்தைக்குப் போனேன். ஐயா புதிதாகத் தைத்த கோட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் ஒரு சுருக்கம் இருந்தது. குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டு அதைச் சரிபார்க்கத் தொடங்கியது என் புத்தியீனம். வந்த விஷயத்தை ஒவ்வொரு குண்டூசியாக எடுத்து எடுத்துச் சொன்னேன்.

ஐயா உண்மையாகவே வருந்தினார். "நான் ஒருத்தரையும் நோகப்பண்ண எழுதேல்லை. கேட்டதைக் கேட்டபடி எழுதினன். அதுதானே முறை," என்றார். "அடுத்த பதிப்பில திருத்தம் போடுறன்."

"அடுத்த பதிப்பு எப்ப வருமுங்க?"

"முதல் பதிப்பு முடிஞ்ச பிறகு." சன்னலோரத்தில் முதல் பதிப்பு கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தது. இருவரும் அதைப் பார்க்காமலிருந்தோம். பிறகு அவர், "நீர் ஒண்டு சொல்லும். நான் எழுதாட்டி, உம்மட மனுசிக்குப் பிறகு அந்தக் கதை எங்க இருக்கும்?" என்றார்.

வாயில் இன்னும் ஒரு குண்டூசி மிச்சம் இருந்தது. "ம்," என்றேன். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

7

"வாயால கட்டினதை வாயாலதான் அவுக்கணும்," என்றாள் பேச்சி. சம்பந்தத்தை முறிக்கிறதானால் கங்காணியே நேரில் வந்து முறித்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லியனுப்பினாள். மானஸ்தர், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே வந்துவிட்டார். இடுப்பில் வெள்ளைச் சாரம், மேலே கோட்டு, கக்கத்தில் புத்தகம். முற்றத்தில் நாற்காலி போட்டோம். தோட்டம் முழுவதும் வாசல்களில் நின்றது. பிலோமினாக்கா கதவுக்குப் பின்னால். ரோசலின் இன்னும் உள்ளே.

"நான் சண்டைக்கு வரல்ல," என்றார் கங்காணி. "எங்களுக்குப் பேர் முக்கியம். இது நான் சொல்றதில்ல, எழுத்து சொல்லுது."

"எழுத்து சொல்லட்டும் அண்ணாச்சி. வந்ததுக்கு ஒரு கதை கேட்டுட்டுப் போங்க," என்றாள் பேச்சி. எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் எதிரே உட்கார்ந்தேன்.

"ஒரு ஊர்ல ஒரு கிணறு."

"ம்."

கங்காணி புத்தகத்தை விரித்து விரலை வைத்தார். "நீர்நிலை," என்றார்.

"கிணத்துல ஒரு பூதம்."

"ம்."

"இருக்கு," என்றார் கங்காணி, விரலை நகர்த்தி. முதல் குடம், உப்பு, சேவல் எல்லாவற்றையும் சரிபார்த்தார். நூல் வந்தபோது, "அதுதான் விஷயம்," என்று நாற்காலியில் சாய்ந்தார்.

"ஏன் கட்டினா? பக்கத்து வீட்ல ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல்."

"ம்."

"இல்ல," என்றார் கங்காணி. "பிள்ளையே இல்ல இதில." பக்கத்தைத் திருப்பித் தேடினார்.

"எழுதினவரு பிள்ளை வாரதுக்குள்ள எந்திரிச்சுப் போயிட்டாரு அண்ணாச்சி. அவருக்குத் தடிமன்."

"ம்," என்றேன்.

அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "இந்த மனுசன் ஏன் இடைக்கிடை முனகுறார்? வயித்துவலியா?"

தோட்டம் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. இப்படிப்பட்ட இடங்களில் எனக்கு என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று.

"பிள்ளைக்குக் கண்ணு செருகுது. அவ முதக் குடத்தைத் தூக்கிட்டு ஓடுதா. வாசப்படில வைக்கா. தண்ணியில துணியை நனைச்சு நெத்தியில போடுதா," என்றாள் பேச்சி. எனக்காக நின்றாள். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அவள் என்னை ஒரு முறை பார்த்தாள்; கோபமில்லை. பிறகு பேசாமல் இருந்துவிட்டாள்.

குழாய் சொட்டுவது கேட்டது. தோட்டத்தில் யாரும் எனக்குப் பதிலாக உம் கொட்டவில்லை. ஒரு கதைக்கு ஒரு உம் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"பிறகு?" என்றார் கங்காணி.

பேச்சி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"அந்தப் பிள்ளை என்ன ஆச்சு?"

அவர் புத்தகத்தைப் பார்த்தார். அதில் பிள்ளையே கிடையாது. மறுபடி பேச்சியைப் பார்த்தார்.

எங்கள் வாசலிலிருந்து முத்து சொன்னாள். கதைகளுக்குப் பிழை போடுகிற அதே முத்து. "மாமா, உம் கொட்டினாத்தான் அம்மா சொல்லும். அப்பாவுக்கு இப்ப வராது. நீங்க கொட்டுங்க."

கங்காணி இருந்த இருப்பை மாற்றி உட்கார்ந்தார். அவருடைய முன்னோர்களும் கடற்கரையில் வலை பின்னிக்கொண்டே கதை கேட்டவர்கள்தான்; உம் கொட்டினால் என்ன பொறுப்பு வரும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. சுற்றிலும் பார்த்தார். புதுச் செருப்பைப் போட்டுப் பார்க்கிற மாதிரி, மெதுவாக,

"ம்," என்றார்.

"விடிய விடிய நனைச்சுப் போடுதா," என்றாள் பேச்சி, ஒன்றும் நடக்காதது போல்.

"ம்."

"அடுப்புல வைக்கணும்னு பிசைஞ்சு வச்ச மாவு புளிச்சுப் போகுது. அன்னைக்கு அவளுக்கு யாவாரம் இல்லை."

"ம்." விரல் புத்தகத்தை விட்டு வந்துவிட்டது. புத்தகம் மடியில் தானாக மூடிக்கொண்டது.

"பிள்ளை பிழைச்சுது. சேவலை அவுத்துவிட்டா. அது கூவின கூவல்ல கிணத்துப் பூதமே ஓடிப்போச்சு, சேவலும் செத்துப்போச்சு. அந்தப் பிள்ளை இப்ப வளந்து, பள்ளிக்கூடத்துல படிச்சு, பெத்தவ சொல்லுற கதையெல்லாம் பிழைங்குது."

கங்காணி முத்துவைப் பார்த்தார். பிறகு பிலோமினாக்காவின் கதவைப் பார்த்தார். "ம்," என்றார், யாரும் கேட்காமலே.

கதை முடிந்தது. "பிடிச்சுப் போட்டீங்க தங்கச்சி," என்றார் கங்காணி. "எழுத்தா இருந்தா இன்னொரு எழுத்தக் காட்டிக் கதைப்பன். நானே உம் கொட்டின கதைய நான் என்னண்டு இல்லன்றது?" பிலோமினாக்காவின் வீட்டுப் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தி, "சம்பந்தி, குடிக்கத் தண்ணி இருக்கா? முதல் குடமா இருக்கணும்," என்றார்.

ரோசலின்தான் கொண்டுவந்தாள்.

குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. சேவல் அன்றைக்குக் குழம்பாயிற்று. கதை எத்தனை விதமாக மாறினாலும் சேவல் சாவதில் மட்டும் மாற்றமில்லை. புத்தகத்தைக் கங்காணி எங்கள் முற்றத்து நாற்காலியிலேயே விட்டுப் போனார். அது மழைக்காலம் முழுவதும் எங்கள் வீட்டுக் கதவு அடிக்காமல் முட்டுக்கொடுத்தது. மற்றப் பிரதிகளை, ஐயா போன வருஷம் வீடு மாறியபோது, பழைய பேப்பர்க்காரன் வாங்கிப்போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கச்சான்காரன் கைக்கு எப்படி வரும்.

8

காகிதத்தை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முத்து இப்போது பெரிய வகுப்பு. ரோசலினின் பிள்ளை எங்கள் வீட்டில்தான் பாதி நேரம் கிடக்கிறது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முத்து படித்தாள். அதன் கை காகிதத்தைப் பிடித்து இழுத்தது. பேச்சி சுளகில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஒரு காற்சட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன்.

"அவள் சேவலின் அலகினை நூலாற் பிணித்து," என்று படித்து நிறுத்தினாள்.

"மிச்சம்?" என்று கேட்டுவிட்டு ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.

"கிழிஞ்சிருக்கு. மற்றப் பக்கத்தில வேற கதை."

அடிக்குறிப்பு இருந்த இடம் யாரோ ஒருவருக்கு வேறொரு சுருளில் போயிருக்கும். அவர் அதைப் படித்திருக்கமாட்டார்.

முத்து காகிதத்தைக் கீழே வைத்தாள். பிள்ளை அழப் பார்த்தது. "அழாத, சொல்றன்," என்றாள் அதனிடம். "அவ அந்தச் சேவல்ட வாயக் கட்டினது ஏனெண்டா, அது கூவினதும் பள்ளிக்கூடத்து மணி அடிக்கும். மணி அடிச்சா பெரிய மதர் பிரம்போட வருவா."

இது எந்தப் பதிப்பிலும் இல்லாதது. நான் வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு, எதிரே நகர்ந்து உட்காரலாம் என்று எழுந்தேன். அதற்குள் பேச்சி சுளகைக் கீழே வைத்துவிட்டாள். கல்யாணமான நாள் முதலாக அவள் சொல்லித்தான் பார்த்திருக்கிறேன். யாருக்கும் உம் கொட்டிப் பார்த்ததில்லை.

"ம்," என்றாள்.

நான் மறுபடி உட்கார்ந்து ஊசியை வாயில் வைத்துக்கொண்டேன். ஒரு கதைக்கு ஒரு உம்தான்.